ராய் ஹேன்ஸுக்கு ஒரு வரி போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த ஜாஸ் டிரம்மர்கள் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மாக்ஸ் ரோச், ஆர்ட் பிளேக்கி, எல்வின் ஜோன்ஸ் எல்லோரையும் நிதானமாகச் சொல்லியிருந்தார்கள், சந்தோஷம். ராய் ஹேன்ஸுக்கு மட்டும் ஒரே வரி, அதுவும் சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் குழுவில் எல்வின் வராதபோது வாசித்தவர் என்று. மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

1925இல் பாஸ்டனில் ராக்ஸ்பரி பகுதியில் பிறந்தவர் ஹேன்ஸ். சாக்ஸஃபோன் கலைஞர் லெஸ்டர் யங்கிடம் இருந்துவிட்டு 1949இல் இன்னொரு சாக்ஸஃபோன் கலைஞர் சார்லி பார்க்கரிடம் போனார். அப்புறம் பியானோவில் தெலோனியஸ் மங்க், சாக்ஸஃபோனில் எரிக் டால்ஃபி, மறுபடி பியானோவில் சிக் கொரியா. கிட்டாரிஸ்ட் பாட் மெத்தேனி பிறந்தது 1954இல். அதற்குள் பார்க்கர் குழுவில் ஹேன்ஸின் காலமே முடிந்துவிட்டது. அதே ஹேன்ஸ் 1989இல் மெத்தேனியோடு மூவர் குழுவாகப் பதிவு செய்தார்.

1953 முதல் 1958 வரை பாடகி சாரா வானுக்கு வாசித்தார். 'பாடகிக்குப் பக்கவாத்தியம்தானே' என்று பலரும் இந்த ஐந்து வருடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கோ அவர் கை பக்குவப்பட்டதே அங்கேதான் என்று தோன்றுகிறது. 1954இல் டிரம்பெட் கலைஞர் கிளிஃபர்ட் பிரௌனோடு சாரா பதிவு செய்த இசைத்தட்டைக் கேளுங்கள். ஹேன்ஸ் குச்சிக்குப் பதில் பிரஷ்ஷை, அதாவது கம்பித் தூரிகையை எடுத்து, அடித்தோலில் கம்பி பூட்டிய ஸ்நேர் டிரம்மைத் தடவிக்கொண்டே போகிறார். சாரா ஒரு சொல்லை இழுத்து நிறுத்தினால் அவரும் அடங்குகிறார், குரலின் மேல் ஒரு அடிகூட விழுவதில்லை.

அந்தக் காதோடுதான் கோல்ட்ரேனிடம் போனார். 1963இல் அமெரிக்காவின் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் அவர்கள் வாசித்த பதிவு கிடைக்கிறது. எல்வின் வாசித்தால் டிரம்ஸ் மொத்தமும் அலை மாதிரி உருண்டு வரும். ஹேன்ஸிடம் அந்த அலை இல்லை. ஸ்நேர் படபடவென்று வெடிக்கிறது, நடுநடுவே வெளிச்சம் மாதிரி இடைவெளி விழுகிறது. அவருக்கு 'ஸ்நாப் கிராக்கிள்' என்று பட்டப்பெயர் வந்தது இந்தச் சத்தத்தால்தான். கோல்ட்ரேனின் சாக்ஸஃபோனும் அன்றைக்கு அந்த இடைவெளிகளுக்குள் புகுந்து வேறு மாதிரிப் பேசுகிறது. ஆள் வராத நாளுக்கு வந்த ஆள் என்று இவரை எப்படிச் சொல்வது?

1961இல் சாக்ஸஃபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸ் வயலின், செல்லோக் குழுவோடு பதிவு செய்த இசைத்தட்டிலும் முதல் உருப்படியில் இவர்தான் டிரம்ஸ். அத்தனை தந்திக் கருவிகளுக்கு நடுவே பிரஷ்ஷை மட்டும் வைத்துக்கொண்டு ஓடுகிறார். இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

2024 நவம்பர் 12இல் காலமானார். நூறு வயதுக்கு நான்கு மாதம்தான் பாக்கி.

அவரைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்று போடுங்கள். எழுதுகிறவர் பார்க்கரையும் கோல்ட்ரேனையும் பிறகு பார்த்துக்கொள்ளட்டும், முதலில் சாரா வானோடு வாசித்த அந்த 1954 இசைத்தட்டிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர், திருச்சி