கொல்லைவாசல் உள்ள வீடாகப் பார்

கும்பகோணம்

அன்புள்ள கயலுக்கு,

இங்கு அனைவரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கு நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். ஈரோட்டில் நீ தொடங்கியிருக்கும் இயன்முறை மருத்துவ மையத்துக்கு ஓர் இணையதளம் வேண்டும், எந்த மென்பொருளில் செய்தால் உனக்கே கைவரும் என்று போனில் கேட்டாய். அன்று கடையில் கல்யாணப் பத்திரிகை வேலை குவிந்து கிடந்ததால் ஏதோ அரைகுறையாகப் பதில் சொல்லிவிட்டேன். அது மனத்தை உறுத்திக்கொண்டே இருந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

எந்த மென்பொருளில் வேலை எளிது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் வேறொன்றைக் கேட்பேன்: நாளைக்கு இதை விட்டுப் போக வேண்டி வந்தால் என் சரக்கை எடுத்துக்கொண்டு போக முடியுமா? பக்கம் கோக்கும் மென்பொருளான பேஜ்மேக்கரில் இருபது வருடம் தட்டச்சு செய்தவள் என்பதால் எனக்கு இந்தக் கேள்வி முந்திக்கொண்டு வருகிறது. அடோபி நிறுவனம் 7.0 பதிப்போடு பேஜ்மேக்கரை நிறுத்திவிட்டது. அந்தக் கோப்புகளை அதன் இடத்துக்கு வந்த இன்றைய இன்டிசைன் திறப்பதில்லை. பழைய கணினியில் திறந்து உரையை மட்டும் வெளியே எடுத்தாலும், அது யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறைக்கு முந்தைய எழுத்துருவில் அடித்தது என்பதால் மற்ற இடங்களில் குறிகளும் குப்பையுமாகத் தெரிகிறது. கோயில் மலர்கள், பள்ளி ஆண்டு மலர்கள் என்று நான் கோத்த பக்கங்கள் எல்லாம் அலமாரியில் குறுந்தகடுகளாகக் கிடக்கின்றன.

உனக்கு இது ஏன் பொருந்தும் என்றால், உன் தளம் முகவரியும் நேரமும் போட்ட வெறும் பெயர்ப்பலகையாக இருக்கப்போவதில்லை. மூட்டுவலி, கழுத்துவலி, பக்கவாதத்துக்குப் பிந்தைய பயிற்சிகள் என்று தமிழில் கட்டுரை எழுதப்போவதாகச் சொன்னாய். ஐந்தாறு வருடத்தில் அது நூறு கட்டுரையாகும். ஆகையால் கொல்லைவாசல் உள்ள வீடாகப் பார்த்துக் குடிபோ.

இந்தக் கண்ணோடு பார்த்தால், தளம் கட்டித் தரும் சேவைகளில் விக்ஸ் எனக்குப் பிடிக்கவில்லை. பழகுவதற்கு அதைப்போல எளிதானது இல்லை என்பதை மறுக்கவில்லை. படத்தை இழுத்து வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும். ஆனால் அங்கே கட்டிய தளத்தை அப்படியே பெயர்த்து வேறு சர்வரில் வைக்க வழியில்லை. ஒரு டெம்ப்ளேட்டில், அதாவது அவர்கள் தயாராகக் கொடுக்கும் மாதிரி வடிவமைப்பில், தொடங்கிய தளத்தை இடையில் இன்னொரு டெம்ப்ளேட்டுக்கு மாற்றவும் முடியாது, புதிதாகத்தான் தொடங்க வேண்டும். ஸ்குவேர்ஸ்பேஸ் அழகானது, ஓரளவு ஏற்றுமதியும் உண்டு, ஆனால் எல்லாம் வெளியே வராது. கூகுள் சைட்ஸ் இலவசம், நாலு பக்கத்துக்கு அது போதும், கட்டுரை எழுதுவதற்கு உதவாது. இலவசம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. வணிகங்களுக்காகக் கூகுள் தன் வரைபடப் பதிவோடு இலவசமாகக் கொடுத்துவந்த சிறு தளங்களை 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டது. பெரிய கம்பெனி ஆயிற்றே என்று நம்பி இருந்துவிட முடியாது.

எனவே நான் சொல்வது வேர்ட்பிரஸ். 2003இல் வந்த கட்டற்ற மென்பொருள், உலகிலுள்ள தளங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. ஆனால் தொடங்குபவர்கள் எல்லோரும் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். வேர்ட்பிரஸ் டாட் ஆர்க் என்பதில் மென்பொருளை இலவசமாக எடுத்து, தளத்தை வைக்கும் இடத்துக்கு, அதாவது ஹோஸ்டிங்குக்கு, நீ தனியே பணம் கட்டி, புதுப்பிப்பது, பேக்கப் எடுப்பது, பூட்டுப் போடுவது எல்லாவற்றையும் நீயே பார்த்துக்கொள்ள வேண்டும். வேர்ட்பிரஸ் டாட் காம் என்பது அதே மென்பொருளை ஆட்டோமேட்டிக் என்ற நிறுவனம் தன் சர்வரில் வைத்து நடத்தித் தரும் சேவை. காலை எட்டு மணிக்கு மையத்தைத் திறந்து இரவு எட்டு மணிக்கு மூடுகிற நீ, வாரந்தோறும் உட்கார்ந்து பிளகின்களை, அதாவது கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணை மென்பொருள்களை, புதுப்பிப்பாய் என்று நான் நம்பவில்லை. கோபித்துக்கொள்ளாதே, வீட்டு கேஸ் சிலிண்டரையே தீர்ந்த பிறகுதான் பதிவு செய்கிறவள் நீ. எனவே டாட் காமில் கட்டணத் திட்டம் ஒன்றில் தொடங்கு. பிற்பாடு நேரமோ ஆளோ கிடைத்தால் எழுதியதை வெளியே எடுத்துத் தரும் எக்ஸ்போர்ட் கோப்பை எடுத்துக்கொண்டு சொந்த ஹோஸ்டிங்குக்குப் போய்விடலாம். அந்தக் கோப்பில் கட்டுரைகள் முழுதாக இருக்கும், படங்களுக்கோ இணைப்பு மட்டுமே இருக்கும் என்பதால், புதிய இடத்தில் எல்லாம் இறங்கி முடியும்வரை பழைய தளத்தை மூடிவிடக் கூடாது.

கவர்ச்சியாக இருக்கிறதே என்று பக்கம் வடிவமைக்கும் பிளகின்களைச் சேர்க்காதே. அவற்றில் சிலவற்றைப் பிற்பாடு நீக்கினால் கட்டுரை முழுவதும் சதுர அடைப்புக்குறிகளுக்குள் ஏதேதோ குறியீடுகளாகக் கிடக்கும். 2018 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸிலேயே இருக்கும், பத்தி, படம் என்று துண்டு துண்டாகச் சேர்க்கும் பிளாக் எடிட்டர் உனக்குத் தாராளம்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு வரும் ஒரு தொல்லையும் உண்டு. கட்டுரைத் தலைப்பையே வேர்ட்பிரஸ் அந்தக் கட்டுரையின் இணைய முகவரியாகவும் வைத்துக்கொள்ளும். அந்த முகவரியில் தமிழின் ஒவ்வொரு குறியும், அதாவது கால், கொம்பு, புள்ளி ஒவ்வொன்றும்கூட, ஒன்பது எழுத்தாக விரியும். மொத்த இடமோ 200 எழுத்துதான். ‘மூட்டுவலி உள்ளவர்கள் செய்ய வேண்டிய பயிற்சிகள்’ என்று நீ தலைப்பு வைத்தால் முகவரி மூன்றாவது சொல்லின் நடுவிலேயே அறுந்து நிற்கும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சதவீதக் குறியும் எண்களுமாக நீண்டு, ஏதோ வைரஸ் என்று நினைத்துப் பெரியவர்கள் தொடவே மாட்டார்கள். ஒவ்வொரு கட்டுரைக்கும் முகவரிப் பெட்டியில் சிறிய பெயர் ஒன்றை ஆங்கில எழுத்தில் நீயே அடித்துவிடு.

தீம், அதாவது தளத்தின் தோற்ற அமைப்பு, தேர்ந்தெடுக்கும்போது அதன் மாதிரிப் படத்தைப் பார்த்து மயங்காதே. அந்தப் படத்தில் இருப்பது ஆங்கிலம். பெரும்பாலான தீம்களின் எழுத்துருவில் தமிழே இருக்காது, போனில் எது இருக்கிறதோ அது வந்து உட்கார்ந்துகொள்ளும். தலைப்பில் ‘கூன் முதுகு’, ‘கீழ் முதுகு’ என்று அடித்து உன் போனில் பார். வரி இடைவெளி குறைவாக இருந்தால் மேல் வரியின் கூவும் கீழ் வரியின் கீயும் இடித்துக்கொள்ளும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் இரண்டும் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம், கண்ணுக்கு உறுத்தாதவை. இந்த ஒரு விஷயத்திலாவது முப்பது வருட டிடிபிக்காரி சொல்வதைக் கேள்.

மென்பொருள் எதுவாக இருந்தாலும் டொமைனை, அதாவது தளத்தின் முகவரிப் பெயரை, உன் பெயரில், உன் மின்னஞ்சலில், உன் கார்டில் நீயே வாங்கு. நம் கடைக்கு 2008இல் தளம் செய்து கொடுத்தவர் டொமைனைத் தன் பெயரிலேயே பதிந்துவைத்திருந்ததும், இரண்டு வருடம் கழித்து ஊரை விட்டுப் போனவர் புதுப்பிக்காமல் விட்டதும், வேறு யாரோ அதை எடுத்துக்கொண்டதும் உனக்கு நினைவிருக்கும். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த நீயும் நானும் திண்ணையில் உட்கார்ந்து, அச்சடித்து வைத்திருந்த 2,000 விசிட்டிங் கார்டுகளிலும் அந்த முகவரியைக் கறுப்பு மார்க்கரால் அடித்தோமே. முதல் வருடம் மலிவாகக் கொடுத்துவிட்டு இரண்டாம் வருடம் ஏற்றும் வழக்கம் இந்தத் தொழிலில் உண்டு என்பதால், புதுப்பிக்கும் விலையையும் பார்த்துவிட்டு வாங்கு.

நோயாளிகள் தங்கள் நோயை எழுதி அனுப்பும் படிவம் எதையும் தளத்தில் வைக்காதே. போன் எண் போதும், மற்றதை நேரில் கேட்டுக்கொள்ளலாம்.

இந்த வாரம் பணம் எதுவும் கட்ட வேண்டாம். இலவசக் கணக்கு ஒன்று திறந்து, கழுத்துவலி பற்றி இரண்டு கட்டுரை எழுதி, நாலு படம் சேர்த்து, எக்ஸ்போர்ட் செய்து அந்தக் கோப்பை எனக்கு அனுப்பு. இங்கே என் கணினியில் ஒரு வேர்ட்பிரஸ் போட்டு வைத்திருக்கிறேன். அதில் இறக்கிப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறேன்.

அன்புடன்,
அம்மா