போல்ட்டுக்கு ஒரு ராத்திரி கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மண்டபத்தில் பைக் பட்டறை வைத்திருக்கிறேன். போன வாரம் கல்லூரியில் படிக்கிற ஒரு தம்பி வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார். சைலன்சரை மாற்றலாம் என்று வீட்டிலேயே நட்டைக் கழற்றியிருக்கிறார், அந்த நட்டு பூட்டியிருந்த ஸ்டட், அதாவது தலையில்லாத போல்ட், முறிந்து என்ஜின் ஹெட்டுக்குள் நின்றுவிட்டது. அதோடு விட்டிருந்தால் அரை நாளில் எடுத்துக் கொடுத்திருப்பேன். ஆனால் அவர் போனில் ஒரு வீடியோவைப் பார்த்து, முறிந்த போல்ட்டை முறுக்கி வெளியே எடுக்கிற எக்ஸ்ட்ராக்டர் ஒன்றை வரவழைத்து, முறிந்த ஸ்டட்டில் ஓட்டை போட்டுச் செருகி முறுக்க, அந்த எக்ஸ்ட்ராக்டரும் உள்ளேயே ஒடிந்துபோனது. தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. தன் வண்டியைத் தானே சரிபண்ண நினைக்கிற பையனைப் பார்த்தால் சந்தோஷம்தான். அவருக்கு யாரும் சொல்லித் தராததை உங்கள் பத்திரிகை வழியாக நாலு பேருக்குச் சொல்லணும் என்றுதான் எழுதுகிறேன்.

மதுரையில் ஓடுகிற வண்டியும் மண்டபத்தில் ஓடுகிற வண்டியும் ஒன்று இல்லை. நமக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வாடை அடித்தாலும் உப்பு, கச்சான் காற்று அடித்தாலும் உப்பு. இரும்பு துருப்பிடித்தால் பருக்கும், மரைக்குள், அதாவது திருகுப் புரிக்குள், அதற்கு இடம் ஏது, ஆப்பு அடித்த மாதிரி இறுகிக்கொள்ளும். என்ஜின் ஹெட் அலுமினியம், அதில் இறங்கியிருக்கிற ஸ்டட் இரும்பு. இரண்டுக்கும் நடுவில் உப்புத் தண்ணி புகுந்தால் பேட்டரிக்குள் நடக்கிற வேலையே அங்கும் நடந்து, அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகப் பூத்துவிடும். மீன் ஏற்றுகிற எக்ஸ்எல் வண்டிகளைப் பாருங்கள், பெட்டியில் ஐஸ் உருகி அந்தத் தண்ணி சொட்டுச் சொட்டாகப் பின் ஆக்சில் மேலேயே விழுந்துகொண்டிருக்கும். சாயங்காலம் போர் தண்ணியில் கழுவுவார்கள், பல ஊரில் அதுவும் உப்புத்தான். 2017-இல் அரிச்சல்முனை வரை ரோடு திறந்த பிறகு வெளியூர் பைக்குகளும் நிறைய அலையோரம் வரை போய் வருகின்றன, அவர்களும் ஊர் திரும்பியதும் நல்ல தண்ணியில் ஒரு முறை கழுவிவிடுவது நல்லது.

இறுகின போல்ட்டைப் பார்த்ததும் ஸ்பானரில் பைப்பை மாட்டி ஏறி மிதிக்கிற பழக்கம் எங்கே இருந்து வந்ததோ தெரியவில்லை. ஒரு 6 எம்எம் போல்ட்டை இறுக்கிப் பூட்டவே சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும். ஒரு சாண் ஸ்பானரின் நுனியில் ஐந்து கிலோவைத் தொங்கவிட்டால் வருகிற இழுப்பு, அவ்வளவுதான். துரு தின்று மெலிந்த ஸ்டட் மேல் ஆளே ஏறி நின்றால் அது என்ன செய்யும்?

நான் செய்வது இதுதான். முதலில் கம்பி பிரஷ்ஷால் மரையைத் தேய்த்து மண்ணையும் துருவையும் எடுப்பேன். அப்புறம் போல்ட் தலையில் சுத்தியலால் நேராக நாலைந்து தட்டு, பலமாக வேண்டாம், உள்ளே பிடித்திருக்கிற துரு விரிசல் விட்டால் போதும். பிறகு துரு இளக்குகிற ஸ்ப்ரே, அது இல்லையென்றால் டீசல். ஊற்றின உடனே ஸ்பானரை எடுக்கக் கூடாது. சாயங்காலம் ஒரு தடவை, கடை மூடும்போது ஒரு தடவை ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன். காலையில் ரிங் ஸ்பானரோ ஆறு முனை சாக்கெட்டோ போட்டு, திறக்கிற பக்கம் இல்லை, முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு துளி அசைப்பேன். அப்புறம் திறக்கிற பக்கம் கால் சுற்று, திரும்பவும் உள்ளே, ஒரு சொட்டு எண்ணெய், மறுபடி வெளியே. டக்கென்று ஒரு சத்தத்தோடு விட்டுக் கொடுத்தால் நல்லது. கிரீச்சென்று கத்தினால் மரை காய்ந்திருக்கிறது, எண்ணெய் கேட்கிறது. சத்தமே இல்லாமல் ரப்பரை முறுக்குகிற மாதிரி மெத்தென்று திரும்பி, கையைத் தளர்த்தினதும் ஸ்பானர் கொஞ்சம் பின்னுக்கு வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அப்போது திரும்புவது நட்டு இல்லை, ஸ்டட்டே முறுக்கிக்கொள்கிறது. இன்னும் கால் சுற்று போனால் கையோடு வந்துவிடும். இந்த மெத்தென்ற உணர்வு எந்த வீடியோவிலும் தெரியாது, கைக்கு மட்டும்தான் தெரியும்.

அப்படி நின்றால் சூடு காட்டணும். பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தூர வைத்த பிறகுதான். ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், அதனால் தீயை ஸ்டட் மேல் காட்டாமல் அதைச் சுற்றியிருக்கிற ஹெட்டில் காட்டினால் பிடி தளரும். கொஞ்சம் ஆறினதும் மெழுகுவர்த்தியை மரையின் ஓரத்தில் வைத்தால் மெழுகு உருகி உள்ளே இறங்கும். பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் மட்டும் தீ காட்டவே வேண்டாம், சில கிளீனரில் குளோரின் கலந்த திரவம் இருக்கும், சூட்டில் விஷவாயு வரும்.

இவ்வளவுக்குப் பிறகும் முறிந்துவிட்டால் பதற வேண்டாம். ஒரு நட்டை அந்தத் துண்டின் மேல் வைத்து, பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, நட்டின் நடுவில் வெல்டிங் வையுங்கள். வெல்டிங் இரும்பில் பிடிக்கும், அலுமினியத்தில் ஒட்டாது, அந்தச் சூட்டிலேயே பாதிப் பிடி விட்டுவிடும். துண்டு ரொம்ப உள்ளே இருந்தால் நட்ட நடுவில் பஞ்ச் வைத்து, சின்ன பிட்டில் தொடங்கி 5 எம்எம் வரை துளைத்து, மரை வெட்டுகிற 6 எம்எம் டேப் அடித்துப் பழைய மரையையே மீட்கலாம். நடு தப்பினால் புது மரைக்கு ஹெலிகாயில் என்கிற கம்பிச்சுருள் போட்டுக்கொள்ளலாம். எக்ஸ்ட்ராக்டரை நான் கையாலும் தொடுவதில்லை. ஸ்டட்டையே ஒடித்த துரு, அதைவிட மெல்லிய எக்ஸ்ட்ராக்டருக்கு மட்டும் விட்டுக் கொடுக்காது. அதுவோ கடினப்படுத்தின இரும்பு, உள்ளே ஒடிந்தால் சாதாரண ட்ரில் பிட் அதில் வழுக்கும். மின்பொறி வைத்து அரித்தெடுக்கிற மிஷின் வேணும். அந்தத் தம்பியின் ஹெட்டைக் கழற்றி சுமார் 150 கிலோமீட்டர் தள்ளி மதுரைக்கு அனுப்பியிருக்கிறேன், ஒரு நட்டுக்காக.

15 வருஷத்துக்கு முன்னால் நானும் இதே தப்பைச் செய்திருக்கிறேன். உச்சிப்புளி பக்கம் மீன் விற்கப் போகிற ஒரு அண்ணன், காலையில் ஏலம் எடுத்த மீனோடு வந்து, "சீக்கிரம் தம்பி, ஐஸ் உருகுது" என்றார். அவசரத்தில் பைப் போட்டேன், ஸ்டட் போச்சு. அன்றைக்கு அவருடைய மீன் பாதி விலைக்குப் போனது, அடுத்த இரண்டு நாள் யாவாரமும் இல்லை. நட்டத்தில் பாதியைக் கொடுத்தேன், அவர் வாங்க மறுத்து, கடைசியில் அவர் வீட்டுக்காரம்மா கையில் கொடுத்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து என் பட்டறையில் பைப் கிடையாது.

அதனால் வண்டிக்காரர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சைலன்சர், ஆக்சில், பின் சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங் ஆர்ம் என்று எந்த வேலையானாலும் காலையில் கொண்டு வந்து பத்து மணிக்குள் வேணும் என்காதீர்கள், முதல் நாள் சாயங்காலமே விட்டுவிடுங்கள். திரும்பப் பூட்டும்போது மரையில் கிரீஸ் தடவச் சொல்லுங்கள், சைலன்சர் நட்டுக்குக் காப்பர் கிரீஸ். கிரீஸ் போட்டால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைத்தே முறுக்கணும். மீன் இறங்குகிற இடங்களில் வண்டி கழுவ நல்ல தண்ணிக் குழாய் ஒன்று இருந்தாலே பாதி ஆக்சில் பிழைக்கும், அதிகாரிகள் மனது வைக்கணும்.

நம் மாவட்ட ஐடிஐ ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்கிறேன். வேலை பழக வருகிற பிள்ளைகளுக்கு என்ஜின் பாகங்களின் பெயர் எல்லாம் தெரிகிறது, ஆனால் அவர்கள் கழற்றிப் பழகினது உப்புக்காற்று படாத சுத்தமான என்ஜின். ஸ்டட் இறுகின பழைய ஹெட்டும், ஆக்சில் விடாத ஸ்விங் ஆர்மும் என் பட்டறையின் பின்னால் இரண்டு சாக்கு நிறையக் கிடக்கின்றன. பழைய இரும்புக்குப் போடாமல் வைத்திருக்கிறேன், பிள்ளைகள் ஒடித்துப் பழக யார் வந்து கேட்டாலும் காசு வாங்காமல் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பைக் மெக்கானிக்,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்.