மார்ச் மாத ஸ்பீடு கன்: சாலைப் பாதுகாப்பு நிதியைக் கையாளுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உள்துறைச் செயலாளர், போக்குவரத்து ஆணையர், மாநிலப் போக்குவரத்துத் திட்டமிடல் பிரிவின் கூடுதல் டிஜிபி ஆகியோருக்கு,

வணக்கம். மாவட்டக் காவல் அலுவலகம் ஒன்றின் கணக்குப் பிரிவில் பில் போட்டே ஓய்வு பெற்றவன் நான். போக்குவரத்து அமலாக்கத்துக்கு வந்த ஒதுக்கீடுகள் என் மேசையைத் தாண்டித்தான் கருவூலத்துக்குப் போயின. கூடுதல் பணம் கேட்டு இதை எழுதவில்லை. வந்த பணம் எதை வாங்கியது, வாங்கியது எத்தனை மாதம் வேலை செய்தது என்று எந்தப் படிவத்திலும் யாரும் கேட்டதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நடப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மாவட்டங்களிடம் முன்மொழிவு கேட்டு வாங்கி, குழு கூடி, அரசாணை வந்து, டெண்டர் முடிந்து, பொருளோ பணமோ மாவட்டத்துக்கு வந்து சேரும்போது பொங்கல் தாண்டியிருக்கும். மார்ச் 31-க்குள் பில் பாஸாக வேண்டும், இல்லையென்றால் லாப்ஸ், அதாவது பணம் காலாவதி. செலவாகாததைச் சரண்டர் செய்து அரசுக்கே திருப்பிக் கொடுத்தாலும் தப்பிக்க முடியாது. போன வருடமே செலவழிக்கவில்லையே என்று அடுத்த வருட ஒதுக்கீட்டில் கை வைப்பார்கள். ஆகவே எது தேவை என்ற கேள்வி பிப்ரவரியில் செத்துவிடும். பத்து நாளில் யார் சப்ளை செய்வார் என்பது மட்டும்தான் மிச்சம். பத்து நாளில் வருபவை பேரிகார்டு, பிளின்க்கர் விளக்கு, பிரதிபலிப்பு ஜாக்கெட். மூன்றும் வேண்டியவைதான். ஆனால் ஊரில் நிற்கும் பேரிகார்டுகளைப் பாருங்கள். பாதிக்கு மேல் நகைக்கடை, ஜவுளிக்கடை பெயர் தாங்கி நிற்பவை. விளம்பரத்துக்காக அவர்களே செய்து கொடுக்கிறார்கள். இலவசமாக வருவதற்கு அரசுப் பணத்தையும் போடுகிறோம். எந்தக் கடைக்காரரும் வாங்கித் தர முன்வராத சாமான் ஒன்று இருக்கிறது. அதற்கு ஒதுக்கீட்டில் தலைப்பே கிடையாது.

குடித்திருக்கிறாரா என்று மூச்சை வைத்துச் சோதிக்கும் பிரெத் அனலைசர் கருவியின் ஊது குழாயைத்தான் சொல்கிறேன். ஒருவர் ஊதியதை இன்னொருவர் வாயில் வைக்க முடியாது, ஆளுக்கு ஒன்று வேண்டும். கருவியோடு ஒரு பெட்டி வரும், சில வாரங்களில் தீர்ந்துபோகும். அதன் பிறகு குழாய் வாங்குவது யார்? கருவி வாங்கிய அரசாணையில் அதற்கு இடமில்லை. அலுவலகச் சில்லறைச் செலவில் போட்டால் தணிக்கைக்காரர் கேட்பார். கடைசியில் இன்ஸ்பெக்டரோ ஏட்டையாவோ கைக்காசு போடுவார், அல்லது கருவி பெட்டிக்குள் தூங்கும். பிரின்ட் காகிதமும் அப்படித்தான். அது பஸ் டிக்கெட் போன்ற வெப்பக் காகிதம். நான் பார்த்த ஒரு வழக்குக் கட்டில், கேஸ் விசாரணைக்கு வந்தபோது சீட்டில் எழுத்தே இல்லை, வெள்ளையாக இருந்தது. இன்னொன்றில் எழுத்து தெளிவாக இருந்தது, தேதிதான் மூன்று வருடம் பின்னால் இருந்தது. பேட்டரி மாற்றியவர் கடிகாரத்தைத் திருத்தவில்லை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த அளவை மெய்ப்பிக்க வேண்டிய துண்டுச் சீட்டு இந்த லட்சணத்தில் இருந்தால், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேறு வாதமே தேவையில்லை.

வண்டியின் வேகத்தை அளக்கும் ஸ்பீடு கன் கதை இதைவிட மோசம், ஏனென்றால் அது விலை கூடிய பொருள். வாங்கும் அன்று எஸ்.பி. கையில் பிடித்தபடி போட்டோ, மறுநாள் செய்தி. கருவி சரியாக அளக்கிறது என்று சோதித்துத் தரும் காலிபரேஷன் சான்றிதழ் ஓராண்டுக்கு. அது காலாவதியானதும் அனுப்பிவைக்கவும் கட்டணம் கட்டவும் பணம் கேட்டு எழுதினால், பராமரிப்புக்கு நிதி இல்லை என்று பதில் வரும். நல்ல நிலையில் உள்ள கருவி, சான்றிதழ் இல்லாததால் இருப்புப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருக்கும். 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்ந்த 167ஏ என்ற விதி, மின்னணு அமலாக்கக் கருவிகளுக்கு ஒப்புதல் சான்றிதழ் வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்கிறது. 2025 ஜூலை 1 முதல் ரேடார் வேகமானிகளைச் சட்டமுறை எடையளவு விதிகளின்படி சரிபார்த்து முத்திரை வாங்கவும் வேண்டும். விதிகள் நியாயமானவை. மளிகைக்கடைத் தராசுக்கு முத்திரை கேட்கும் அரசு, ஆயிரம் ரூபாய் அபராதம் போடும் கருவிக்கும் கேட்பதுதான் முறை. ஆனால் அந்தக் கட்டணம் எந்தக் கணக்குத் தலைப்பில் போகும் என்று மாவட்ட அலுவலகத்துக்கு யாராவது சொல்லியாக வேண்டும்.

இந்த நிதி எப்படி வந்தது என்பதையும் நினைவூட்ட அனுமதியுங்கள். கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில், உச்ச நீதிமன்றம் 2017 நவம்பர் 30 அன்று பிறப்பித்த உத்தரவுகளில் இதுவும் ஒன்று. வசூலாகும் போக்குவரத்து அபராதத்தில் ஒரு பங்கைச் சாலைப் பாதுகாப்பு நிதியாக வைக்க வேண்டும், 2018 மார்ச் 31-க்குள் எல்லா மாநிலங்களும் அதை அமைத்துவிட வேண்டும். நம் மாநிலத்தில் அதற்கு முன்பிருந்தே நிதி இருந்தது, அது நமக்குப் பெருமைதான். 2022 அக்டோபரில் ஹெல்மெட் இல்லாவிட்டால் 1,000 ரூபாய், குடித்துவிட்டு ஓட்டினால் 10,000 ரூபாய் என்று அபராதம் உயர்ந்தது. ஓட்டுபவர் பையிலிருந்து எடுத்த காசு அவர் உயிரைக் காப்பாற்றத் திரும்பிப் போக வேண்டும் என்பதுதான் கணக்கு.

திரும்பிப் போகிறதா? மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைகள்படி தமிழ்நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 2016-இல் 17,218 பேர். 2019-இல் அது 10,525-ஆகக் குறைந்தது என்று அப்போதைய அறிக்கை சொன்னதும் நாடே நம்மைத் திரும்பிப் பார்த்தது; பிறகு அந்த எண்ணை மேல்நோக்கித் திருத்தினார்கள். 2022-இல் 17,884, 2023-இல் 18,347. இறங்கிவிட்டோம் என்று நினைத்தோம், 2016-க்கும் மேலே போய்விட்டோம். இதற்கு நிதி மட்டும் காரணம் என்று சொல்ல நான் யார்? ஆனால் கருவிகளின் எண்ணிக்கை இந்த ஆண்டுகளில் குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது என்பது இருப்புப் பதிவேடு தெரிந்தவனுக்குத் தெரியும்.

எங்கே, எப்போது நிற்பது என்பதில்தான் ஓட்டை. நாடு முழுக்க அதிக விபத்துகள் நடப்பது மாலை 6 முதல் இரவு 9 வரை என்று அதே அமைச்சகம் ஆண்டுதோறும் அச்சிட்டுத் தருகிறது. நம் வாகனத் தணிக்கை பெரும்பாலும் காலை 10 மணிக்குத் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடியும். ஏனென்றால் அன்றைய எண்ணிக்கை அதற்குள் தேறிவிடும். ஸ்டேஷனுக்கு இத்தனை கேஸ் என்று வாக்கி டாக்கியில் கேட்பார்கள். பஜார் முனையில் நின்றால் ஹெல்மெட் கேஸ் ஒரு மணி நேரத்தில் ஐம்பது சேரும். பைபாஸில் இருட்டில் ஸ்பீடு கன்னோடு நின்றால் ஐந்து கிடைக்கும், நிற்பவர் உயிருக்கும் உத்தரவாதம் இல்லை. எண்ணிக்கையைக் கேட்டால் எண்ணிக்கைதான் வரும்.

தரவு இல்லை என்றும் சொல்ல முடியாது. சென்னை ஐஐடியும் தேசியத் தகவல் மையமும் உருவாக்கிய, விபத்து விவரங்களைப் பதியும் ஐராட் செயலியை முதலில் நடைமுறைப்படுத்திய ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. விபத்து நடந்த இடம், நேரம், வண்டி எல்லாம் அதில் பதிவாகின்றன. காரணம் என்ற கட்டத்தை மட்டும் நான் பாதிதான் நம்புவேன். முதல் தகவல் அறிக்கையில் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ என்று எழுதிப் பழகிய கை அங்கேயும் அதையே எழுதும். இடமும் நேரமும் பொய் சொல்லாது. அவற்றை வைத்தே ஒதுக்கீடு கேட்கலாம்.

உலக வங்கி 2022-இல் தமிழ்நாடு உள்ளிட்ட ஏழு மாநிலங்களின் சாலைப் பாதுகாப்புக்கு 25 கோடி டாலர் கடன் ஒப்புக்கொண்டது, ஆசிய வளர்ச்சி வங்கியும் அதே அளவு பங்கு தருகிறது. விளைவைக் காட்டினால் பணம் என்பது அந்தத் திட்டத்தின் அடிப்படை. நல்ல ஏற்பாடு. ஆனால் விளைவு என்று எதை எண்ணுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். அமெரிக்காவில் மத்திய அரசின் மானியத்தில் போலீசாருக்கு ஓவர்டைம் கொடுத்துப் போக்குவரத்துத் தணிக்கை செய்வார்கள். மாசசூசெட்ஸ் மாநிலப் போலீசின் போக்குவரத்துப் பிரிவில் 2015 முதல் 2018 வரை சிலர் நான்கு மணி நேர ஷிப்டுக்குத் தாமதமாக வந்து, சீக்கிரம் கிளம்பி, முழுப் பணத்தையும் வாங்கினார்கள். விசாரணை வந்ததும் ஆவணங்களைக் கிழித்தார்கள், எரித்தார்கள். அலுவலகம் மாறியபோது தாள்கள் தொலைந்துவிட்டன என்று மேலதிகாரிக்கு விளக்கம் போனது. வழக்கு நடந்து தண்டனையும் ஆயிற்று. அங்கே மணி நேரத்தை எண்ணினார்கள், தாளில் மணி நேரம் நிறைந்தது. நாம் கேஸை எண்ணுகிறோம்.

என் கோரிக்கைகள் பெரியவை அல்ல. கருவி வாங்க ஆணை போடும்போதே ஐந்தாண்டுக்கான காலிபரேஷன், முத்திரைக் கட்டணம், ஊது குழாய், காகிதம், பேட்டரி எல்லாவற்றையும் அதே ஆணையில் சேருங்கள். விலை கூடும், கருவி எண்ணிக்கை குறையும், குறையட்டும். நூறு வாங்கி முப்பது வேலை செய்வதைவிட அறுபது வாங்கி அறுபதும் வேலை செய்வது மேல். ஒதுக்கீட்டை ஜூனுக்குள் விடுவியுங்கள். நிதித்துறை ஒத்துக்கொண்டால், செலவாகாத பணம் மார்ச்சோடு லாப்ஸ் ஆகாமல் அடுத்த ஆண்டுக்குப் போகும் தனிக் கணக்கு வையுங்கள். அப்போது மார்ச்சில் வாங்கும் அவசரம் தானாகத் தணியும்.

பயன்பாட்டுச் சான்றிதழ் என்று ஒரு தாளை நாங்கள் அனுப்புவோம். ‘ஒதுக்கப்பட்ட தொகை முழுவதும் எந்த நோக்கத்துக்கு வழங்கப்பட்டதோ அந்த நோக்கத்துக்கே செலவிடப்பட்டது’ என்று அதில் இருக்கும், கீழே கையெழுத்தும் முத்திரையும். வருடாவருடம் தொகையும் தேதியும் மட்டும் மாறும். அந்தத் தாளில் மூன்று கட்டங்கள் கூட்டச் சொல்கிறேன். சென்ற ஆண்டு வாங்கியவற்றில் இன்று செல்லுபடியாகும் சான்றிதழோடு எத்தனை இருக்கின்றன? அவற்றை எந்தச் சாலையில், எந்த நேரத்தில் பயன்படுத்தினார்கள்? அந்த இடத்தில் அதற்கு முந்தைய ஆண்டு எத்தனை பேர் இறந்தார்கள், இந்த ஆண்டு எத்தனை பேர்? நிரப்பிய தாளை மாவட்ட வாரியாக இணையத்தில் தமிழில் போடுங்கள். கலெக்டர் தலைமையில் கூடும் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் கூட்டத்தில் அதை வாசிக்கச் சொல்லுங்கள். டீ, பிஸ்கட்டோடு முடியும் கூட்டத்துக்கு அது கொஞ்சம் வேலை கொடுக்கும்.

அடுத்த நிதியாண்டுக்கு முன்மொழிவு கேட்டு உங்கள் அலுவலகத்திலிருந்து மாவட்டங்களுக்குக் கடிதம் போகும். பழைய இணைப்புப் படிவத்தையே நகலெடுத்து அனுப்பாமல், இந்த மூன்று கட்டங்களையும் சேர்த்து அனுப்பும்படி பிரிவு எழுத்தரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அரசாணை வரும்வரை அவர் காத்திருக்கத் தேவையில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவர்