துரு போன பிறகுதான் வேலையே

ஆசிரியருக்கு, வணக்கம்.

துருப்பிடித்த சாமான்களைக் கழிவறை கழுவும் ஆசிட்டில் ராத்திரி முழுக்கப் போட்டுவைத்து, காலையில் எடுத்துக் கழுவினால் புதுசாகிவிடும் என்று வீட்டுக் குறிப்புப் பகுதியில் படித்தேன். முப்பது வருஷம் ஃபிட்டர் வேலை பார்த்தவன் நான். இந்தப் புத்திசாலித்தனத்தை ஒரு தடவை நானும் செய்து தொலைத்திருக்கிறேன்.

அப்பாவின் பழைய கை டிரில்லைக் கழற்றி, பற்சக்கரம், தண்டு, துளை போடும் பிட்டைப் பிடிக்கும் சக்குக்குள் இருக்கும் குட்டி ஸ்பிரிங் எல்லாவற்றையும் ஒரு வாளி ஆசிட்டில் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் துரு இல்லை. பற்களின் கூர்மையும் இல்லை. ஸ்பிரிங்கை லேசாக இழுத்தேன், பட்டென்று முறிந்தது. ஆசிட் இரும்பைத் தின்னும்போது கிளம்பும் ஹைட்ரஜன், கடினமான எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கவைத்துவிடும். இதையாவது தாங்கிக்கொண்டேன். சுவரில் மாட்டியிருந்த உளியும் ரம்பமும் அந்த வாளிப் பக்கமே போகவில்லை. அவற்றின் மேலும் மஞ்சளாகத் துரு பூத்திருந்தது. கழிவறை ஆசிட்டில் இருக்கும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் புகையின் கைங்கரியம்.

அதற்குப் பிறகு வினிகர், இல்லையென்றால் சிட்ரிக் ஆசிட்தான். லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் சிட்ரிக் போதும். பிசுக்கை முதலில் சோப்புப் போட்டு எடுத்துவிட வேண்டும், எண்ணெய் இருக்கும் இடத்தில் ஆசிட் ஏறாது. மணிக்கொரு தடவை வெளியே எடுத்துப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துப் பார்ப்பேன். கருப்புப் பொடி உதிர்ந்து சாம்பல் நிற இரும்பு தெரிந்ததும் நிறுத்திவிடுவேன். துரு எங்கே முடிகிறது என்று ஆசிட்டுக்குத் தெரியாது, நாம்தான் பார்க்க வேண்டும். கிளம்பும் ஹைட்ரஜன் வெளியேற வேண்டும், அதனால் பாத்திரத்தை இறுக மூடவும் கூடாது. நாகமுலாம், அதாவது துத்தநாகம் பூசிய சாமானைப் போட்டால் முலாம்தான் முதலில் கரையும்.

அந்தக் குறிப்பு ‘எடுத்துக் கழுவவும்’ என்பதோடு முடிந்துவிட்டது. கழுவிய பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீரில் முக்கி, மறுபடி அலசி, துடைத்து, சூடு காட்டி ஈரம் போனதும் உடனே எண்ணெய் தடவ வேண்டும். ஒருமுறை நடுவில் போன் வந்தது. பத்து நிமிஷம் பேசிவிட்டு வந்து பார்த்தால், பளபளத்த தண்டு முழுக்க ஆரஞ்சு நிறம்.

குறிப்புகளை வெட்டி ஒட்டிவைக்கிறவர்கள் நிறையப் பேர். அதே பகுதியில் ஒரு திருத்தம் போடுங்கள். இடம் குறைவென்றால் ஒரே வரி போதும்: அந்த ஆசிட் வாளியில் பிளீச்சிங் பவுடரோ பிளீச்சோ ஒரு துளி விழக்கூடாது, கிளம்புவது குளோரின் வாயு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவர்