ஆரம்பாக்கம் தமிழ்நாட்டில்தான் இருக்கிறது: போக்கர் நிறுவனம் ஒன்றுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். எல்லையோரத் தமிழ்நாட்டு ஊரான ஆரம்பாக்கத்தில் இருந்த என்னை ஆந்திராவில் இருப்பதாக உங்கள் கணினி கணித்ததால், 2025 ஜூலையில் உங்கள் ஆன்லைன் போக்கர் மேசையில் பாதியில் அறுபட்ட என் சீட்டாட்டத்தைப் பற்றி நான் அனுப்பிய மூன்று மின்னஞ்சல்களும், அவற்றுக்கு ஒரே வாசகத்தில் வந்த மூன்று பதில்களும் உங்களிடம் இருக்கும் என்பதால், முழுக் கதையையும் மறுபடி சொல்லவில்லை. அந்த ஆட்டத்தின் ஹேண்ட் ஹிஸ்டரியையும் (ஆட்டம் நடந்த விதத்தின் பதிவு), அந்த நொடியில் என் இருப்பிடம் என்று உங்கள் கணினி பதிவு செய்ததையும் எனக்குத் தாருங்கள் என்பதே என் கோரிக்கை.

ஆனால் அந்த ஆட்டத்தை மட்டும் நீங்கள் என் இடத்திலிருந்து பார்க்க வேண்டும். பத்து, இருபது ரூபாய் பிளைண்ட் மேசை; அதாவது சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் தொகை அது. ஐந்து ஆட்டத்துக்கு மூன்றில் ரெய்ஸ் செய்யும், அதாவது பந்தயத்தை உயர்த்தும், ஒருவர் எதிரே இருந்தார். முதல் அரைமணி நேரம் நானும் பதிலுக்கு ரெய்ஸ் செய்து மோதிப் பார்த்துப் பணத்தை இழந்தேன். பிறகு வழியை மாற்றிக்கொண்டு, நல்ல சீட்டு வந்தாலும் செக் சொல்லி (நான் பந்தயம் கட்டாமல் விட்டு), அவரே பந்தயம் கட்டும்படி விட்டேன். உண்மையான சீட்டு இருக்கும்போது அவர் பாட் தொகையில் (நடுவில் சேர்ந்த மொத்தப் பந்தயப் பணம்) பாதியளவே கட்டுகிறார், வெறுங்கையோடு இருக்கும்போது பாட்டைவிடப் பெரிதாகக் கட்டுகிறார் என்பதை இரண்டு முறை சீட்டு திறக்கப்பட்டபோது கண்டு, பக்கத்திலிருந்த நோட்டில் குறித்தும் வைத்தேன்.

இரவு பத்தேகால் மணி. பெரிய பிளைண்டில் இருந்த எனக்கு ஏஸும் ஜாக்கியும் வந்தன. அவர் 60 ரூபாய்க்கு ரெய்ஸ் செய்தார். சிறிய பிளைண்டில் இருந்தவர் விலகினார், நான் கால் செய்தேன் (அதே தொகைக்கு ஈடு கட்டினேன்). ஃப்ளாப்பில், அதாவது எல்லோருக்கும் பொதுவாக முதலில் திறக்கும் மூன்று சீட்டில், ஏஸ், 8, 3. நான் செக் சொன்னதும் அவர் 90 கட்ட, கால். டர்னில் (நான்காம் பொதுச் சீட்டு) 5; அவர் 250 கட்ட, மறுபடியும் கால். ரிவரில் (கடைசிப் பொதுச் சீட்டு) ஜாக்கி விழுந்தது. 810 ரூபாய் இருந்த பாட்டுக்கு எதிராக அவர் 1,200 வைத்தார். 2,010 ரூபாயை வெல்ல நான் 1,200 போட வேண்டும். நூற்றுக்கு முப்பத்தெட்டு முறை நான் ஜெயித்தாலே நட்டமில்லை. எனக்கு இரண்டு ஜோடி இருக்கிறது, அவருடைய பந்தயத்தின் அளவு என் நோட்டில் எழுதியிருப்பதோடு பொருந்துகிறது. கால் பொத்தானை நோக்கி விரலைக் கொண்டுபோனேன். “நீங்கள் இருக்கும் மாநிலத்தில் இந்த ஆட்டத்துக்கு அனுமதியில்லை” என்று திரை மறைந்தது. மீண்டும் உள்ளே வந்தபோது என் சீட்டுகள் ஃபோல்டு ஆகி (நான் விலகியதாகக் கணக்காகி), அதுவரை நான் வைத்த 400 ரூபாயோடு பாட் முழுவதும் அவரிடம் போயிருந்தது. அவருடைய சீட்டு என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆந்திராவில் 2020 முதல் இந்த ஆட்டத்துக்குத் தடை இருப்பதை நான் அறிவேன்; அந்தச் சட்டத்தை நீங்கள் மதித்ததில் எனக்குக் குறையில்லை. ஆனால் நான் ஆந்திராவில் இல்லை. ஆரம்பாக்கத்தில், நீங்களே ஆதார் மூலம் சரிபார்த்த முகவரியில், என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். இங்கே வீட்டுக்குள் ஜிபிஎஸ் சரியாகப் பிடிக்காதபோது கைபேசி கோபுரத்தை வைத்தே இடத்தைக் கணிக்கிறது, அந்தக் கோபுரம் பல நேரம் ஆந்திராவின் தடா பக்கத்தில் இருக்கிறது. கோபுரத்தை வைத்துச் செய்யும் கணிப்பு கிலோமீட்டர் கணக்கில் விலகக்கூடியது என்பது உங்கள் பொறியாளர்களுக்குத் தெரியாததல்ல. அத்தனை பெரிய வட்டத்துக்குள் இரண்டு மாநிலங்கள் இருக்கும்போது, எந்த அடிப்படையில் என்னை எல்லைக்கு அப்பால் வைத்தீர்கள்?

எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு இது பழகிப்போன துன்பம். என்னை அழைக்கிறவர்களுக்குச் சில நாள் தெலுங்கில் அறிவிப்பு கேட்கிறது. வாடிக்கையாளர் சேவைக்குப் பேசினால் முதலில் நான் எந்த மாநிலம் என்பதை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டு விதிப்படி நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரை ஆடக்கூடாது என்றபோது நான் மறுக்காமல் கட்டுப்பட்டேன். இந்த மாநிலத்தின் கட்டுப்பாடு எனக்குப் பொருந்துமென்றால் இந்த மாநிலத்தின் அனுமதியும் பொருந்த வேண்டுமல்லவா?

போக்கர் அதிர்ஷ்டமல்ல, திறமை என்று உங்களைப் போன்ற நிறுவனங்கள்தான் வழக்காடின. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றமும் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களே என்று ஏற்றுக்கொண்டது. அந்தத் திறமை எங்கே இருக்கிறது? எதிராளியின் பந்தய அளவைப் படித்து, கால் செய்வதா விடுவதா என்று முடிவெடுக்கும் அந்தச் சில நொடிகளில் இருக்கிறது. அந்த நொடிகளைத்தான் உங்கள் மென்பொருள் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது.

2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்யும் மத்திய அரசின் சட்டம் வந்தபின் பண ஆட்டங்களை நிறுத்தி, கணக்கில் மீதமிருந்ததைத் திருப்பித் தந்தீர்கள், அதற்கு நன்றி. அந்தத் தொகையில் இந்த 400 ரூபாய் இல்லை. நான் 2,010 ரூபாயைக் கேட்கவில்லை, ஏனெனில் அதை வென்றிருப்பேன் என்று என்னால் நிரூபிக்க முடியாது. உங்கள் சர்வர் பழுதானால் ஆட்டத்தை ரத்து செய்து அவரவர் பந்தயத்தைத் திருப்பித் தருவதாக உங்கள் விதிகளில் எழுதியிருக்கிறீர்கள். இருப்பிடக் கணிப்பு பழுதானாலும் அதே விதியைப் பின்பற்றுங்கள் என்றே கேட்கிறேன்.

பண மேசைகளோடு பழைய பதிவுகளும் அழிக்கப்படுவதற்கு முன், அந்த ஆட்டத்தின் ஹேண்ட் ஹிஸ்டரியையும் இருப்பிடப் பதிவையும் எனக்கு அனுப்பிவைக்கும்படி பணிவுடன் மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். ஆட்டத்தின் எண்ணும் நேரமும் என் முதல் மின்னஞ்சலில் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஆரம்பாக்கத்திலிருந்து உங்கள் பழைய ஆட்டக்காரர் ஒருவர்