பாப்பாவுக்கு, உங்கப்பா வீட்டு ஆளுங்க பத்தி

பாப்பா,

குடும்ப மரம் எழுதறதுக்கு நீ கேட்ட போட்டோ எல்லாம் வாட்சப்புல போட்டுட்டேன், கல்லறை படம் மட்டும் கொஞ்சம் மங்கல், ஈப்போ வெயில் உனக்கு தெரியாததா. சிங் மிங்குக்கு, அதான் சீனவங்க கல்லறைய சுத்தம் பண்ணி கும்புடுற நாளுக்கு, உங்கப்பாவும் நானும் போய் புல்லு வெட்டி எழுத்துக்கெல்லாம் திரும்ப சிவப்பு பெயிண்ட் அடிச்சிட்டு வந்தோம்.

எச்சில் துப்பி அனுப்புற டிஎன்ஏ டெஸ்ட் எடுக்கப்போறேன்னு சொன்னல்ல, எடு, வேணாங்கல, ஆனா அதுல ஊர் பேரு வராது லா. கல்லுல இருக்கு. மேல வெட்டியிருக்கே அதுதான் பூர்வீகம், மெய்சியான், குவாங்டோங்ல மலைப்பக்கம், ஹக்கா பேசுற சீனவங்க ஊரு. அப்புறம் சொந்தக்காரங்கள தேடுறப்ப ஸ்பெல்லிங்க நம்பாத, பெரியப்பா ஐசியில (அடையாள கார்டுல) சோங், உங்கப்பா ஐசியில சுங், பதிஞ்ச கிளார்க் காதுல எப்படி விழுந்துச்சோ அப்படி, சீன எழுத்து ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்.

உன் தாத்தா ஆ குங்கோட அப்பா ஈயம் தோண்ட ஈப்போ பக்கம் கிந்தாவுக்கு வந்தவரு. ஈப்போல ஹன் சின் பெட் சூ மியூசியம் இருக்குல்ல, 1893ல ஆரம்பிச்ச ஹக்கா ஈயச்சுரங்க முதலாளிங்க கிளப்பு, நம்ம ஆளு அந்த படி ஏறியிருக்கவே மாட்டாரு. உன் பாட்டி ஆ போ டூலாங் வேலை செஞ்சவங்க. நாள்பூரா தண்ணில நின்னு, குனிஞ்ச முதுகோட மரத்தட்டுல மண்ண சுத்தி சுத்தி ஈயத்த பிரிக்கணும், அதுக்கும் வெள்ளக்காரன்கிட்ட லைசென்ஸ் வாங்கணும், ஹக்கா பொம்பளைங்கதான் அதுல நிறைய. அந்த லைசென்ஸ் இன்னும் நம்ம மைலோ டின்னுல இருக்கு, படம் எடுத்து வை, மடிப்புல கிழியுது. கம்யூனிஸ்ட்காரங்களோட வெள்ளக்காரன் சண்டை போட்ட எமர்ஜென்சி வந்து 1950லேருந்து காட்டோரம் இருந்த சீனவங்கள முள்வேலி போட்ட புதுக்கிராமத்துக்கு லாரில ஏத்துனப்ப (மத்த இனத்தையும் சேத்து ஏறக்குறைய 5 லட்சம் பேராம்) இத மட்டும் ஆ போ சட்டைக்குள்ள சொருகிக்கிட்டாங்களாம், மிச்ச பேப்பரெல்லாம் போச்சு.

இப்ப நான் சொல்ல வந்தது. சீனால உன் சொந்தக்காரங்க குடும்ப புத்தகம் வச்சிருந்தா அதுல ஆம்பளைங்க வரிசையாதான் இருக்கும், பழைய புத்தகத்துல பொண்ணுங்க பேர சேக்கறது ரொம்ப குறைவு, மருமகள்னா அவ அப்பன் வீட்டு குடும்பப்பேரு மட்டும். நம்ம பக்கம் மட்டும் என்ன வாழுதாம், எங்க தாத்தா எழுதி வச்சதுலயும் பொம்பள பேரே கிடையாது. நீ எழுதறப்ப அப்படி எழுதாத. முக்கியமா ஆ குங்கோட கடைசி தங்கச்சி.

ஜப்பான்காரன் காலத்துல சோத்துக்கு வழியில்லாம அந்த பிள்ளைய ஒரு தமிழ் குடும்பத்துக்கு குடுத்துட்டாங்க. வீட்ல கேட்டா காய்ச்சல்ல செத்துடுச்சுன்னுதான் சொல்வாங்க, ஆ போ கடைசி காலத்துல உங்க அத்தைகிட்ட மட்டும் உண்மைய சொல்லியிருக்காங்க. அப்ப இது நிறைய வீட்ல நடந்ததுதான். நான் பொறந்த தோட்டத்துலயே ஒரு அக்கா இருந்தாங்க, முகம் சீன முகம், ஆடி மாசம் மஞ்சப்புடவை கட்டி தீச்சட்டி எடுப்பாங்க, சீனம் ஒரு வார்த்தை தெரியாது. என்னை கட்டிக்கிட்டு வந்தப்ப தமிழச்சியான்னு ஆ போ மூஞ்சி குடுத்து பேசல, நீ பொறந்து தவழுற வரைக்கும் அப்படியேதான், அவங்க சொந்த நாத்தனாரே எங்கயோ தமிழச்சியா வளந்திருக்கும்னு மனசுக்குள்ள வச்சிக்கிட்டு. கோவமெல்லாம் இல்ல இப்ப. அதனாலதான் அப்படி இருந்தாங்களோன்னு கூட தோணுது.

உங்கப்பா இத எழுத வேணாங்கறாரு, குடும்ப மானமாம். பிள்ளைய குடுத்தவங்க பேரெல்லாம் கல்லுல சிவப்பு அடிச்சி வைக்கலாம், குடுக்கப்பட்ட பிள்ளைக்கு ஒரு கோடு கூட கிடையாதாமா? நீ ஒரு கட்டம் போடு, பேரு தெரியலன்னா ஆ குங்கோட தங்கச்சின்னு போடு.

அத்தைக்கு போன் பண்ணி ரெக்கார்ட் பண்ணு, அவங்களுக்கும் எண்பது கிட்ட ஆவுது. மாண்டரின்ல கேட்டா ரெண்டு வரில முடிச்சிடுவாங்க, தப்புத்தப்பா இருந்தாலும் ஹக்கால கேளு. எந்த தோட்டத்துக்காரங்க வாங்கிட்டு போனாங்கன்னு மொதல்ல கேளு. காலைல பண்ணாத, பாசாருக்கு, மார்க்கெட்டுக்கு போயிடுவாங்க.

அம்மா