பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்: பருவ நிறைவும் கடலோரச் சுற்றுலாவும்

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

இரண்டாம் பருவம் நல்ல முறையில் நிறைவடைந்திருக்கிறது. அரையாண்டுத் தேர்வில் பெரும்பாலான மாணவர்கள் முன்னேற்றம் கண்டுள்ளனர். விளையாட்டு விழாவும் அறிவியல் கண்காட்சியும் சிறப்பாக நடந்தேறின. இவற்றுக்காக உழைத்த அனைவரையும் மனமாரப் பாராட்டுகிறேன். மதிப்பெண் விவரங்களை வகுப்பாசிரியர்கள் தனித்தனியே தெரிவிப்பார்கள்.

சென்ற சனிக்கிழமை எட்டாம் வகுப்பு மாணவர்கள் 62 பேரும் ஆசிரியர்கள் நால்வரும் நம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையோரமாக ஒருநாள் கல்விச் சுற்றுலா சென்றுவந்ததைப் பற்றிச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். நம் பள்ளி மலையோரத்தில் இருப்பதால், கடல் அதிகத் தொலைவில் இல்லாதபோதும், நம் பிள்ளைகளில் பலருக்கு அது விடுமுறையில் உறவினரோடு போய்ப் பார்த்துவரும் காட்சியாக மட்டுமே இருக்கிறது. அந்தக் கடலை நம்பி வாழும் மக்களையும், அதன் வழியாக இம்மண்ணுக்கு வந்த வரலாற்றையும் அவர்கள் நேரில் அறிய வேண்டும் என்பதற்காகவே இப்பயணத்தை ஏற்பாடு செய்தோம்.

காலையில் வட்டக்கோட்டைக்குச் சென்றோம். கடலை ஒட்டிக் கருங்கல்லால் எழுப்பப்பட்ட அந்தக் கோட்டையை 18-ஆம் நூற்றாண்டில் வலுப்படுத்தியவர் டிலனாய். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையோடு குளச்சலில் கரையிறங்கிய அவர், 1741 ஆகஸ்டில் நடந்த போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் சிறைப்பட்டார். பின்னர் அதே மன்னரின் படையைப் பயிற்றுவித்து, 'வலிய கப்பித்தான்' (பெரிய தளபதி) என்று அழைக்கப்பட்டு, 1777-இல் மறைந்து உதயகிரிக் கோட்டையில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் வலுப்படுத்திய கோட்டையை முதலில் பார்த்துவிட்டு, அவர் பகைவராக வந்திறங்கிய குளச்சல் கரையில் மாலையில் நிற்பது என்பது எங்கள் திட்டம். கோட்டைச் சுவர் மீது நின்று மாணவர்கள் கேட்ட கேள்விகள், அந்தத் திட்டம் சரியானதே என்ற மகிழ்ச்சியை எனக்குத் தந்தன.

நண்பகலில் முட்டம் சென்றோம். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே, பெரும்பாறைகள் கடலுக்குள் இறங்கிச் செல்லும் அவ்விடத்தில், முதிய மீனவர் ஒருவர் எங்கள் வேண்டுகோளை ஏற்று மாணவர்களிடம் பேச வந்திருந்தார். கட்டுமரத்தில் தனியாகச் செல்பவர், கண்ணுக்குத் தெரியாத 'பார்' எனும் கடலடிப் பாறைத்திட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்பதை அவர் விளக்கினார். கரையிலுள்ள தேவாலயக் கோபுரம் ஒன்றையும் அதன் பின்னால் தெரியும் மலைமுகடு ஒன்றையும் ஒரே நேர்கோட்டில் கொண்டுவர வேண்டும். வேறொரு பக்கத்தில் இன்னோர் இணையைப் பிடிக்க வேண்டும். இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில்தான் பார் இருக்கிறது. இதை அவர்கள் கணியம் என்கிறார்கள். கணித ஆசிரியர் பலகையில் வரைந்து காட்டும் வடிவியலை, பள்ளிக்கூடம் செல்லாத ஒருவர் தம் விரல்களால் வானில் வரைந்து காட்டினார். மாணவர்கள் மெய்மறந்து கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் முதல் கைப்பேசி ஒலித்தது. அடுத்த பத்து நிமிடங்களில் மேலும் நான்கு ஒலித்தன. அப்பெரியவர் ஒவ்வொரு முறையும் பேச்சை நிறுத்திப் பொறுமையாகக் காத்திருந்தார்.

அவ்வொலிகள் உண்டாக்கிய கவனச் சிதறலில், நான்கு மாணவர்கள் நாங்கள் கயிறு கட்டிக் காட்டியிருந்த எல்லையைத் தாண்டிப் படம் எடுப்பதற்காகக் கீழ்ப்பாறைக்கு இறங்கிவிட்டார்கள். அலை வந்தது. ஒரு மாணவன் பாசியில் வழுக்கி விழுந்தான். அருகில் வலை சீர்செய்துகொண்டிருந்த இளைஞர் ஒருவர் ஓடிவந்து அவனைப் பற்றி மேலே இழுத்தார். முழங்காலில் சிராய்ப்போடு அவன் தப்பினான். கைப்பேசி கடலில் போயிற்று. இத்தனையும் ஒரு நிமிடத்துக்குள் நடந்தது. அந்த இளைஞர் அங்கே இல்லாதிருந்தால் நான் உங்களுக்கு எழுத வேண்டியிருந்த கடிதம் எதுவாக இருந்திருக்கும் என்று நினைக்கும்போது இன்னும் என் கை நடுங்குகிறது.

பேருந்து திரும்பியதும் சோதித்தபோது மாணவர்களிடம் 19 கைப்பேசிகள் இருந்தன. கைப்பேசி கொண்டுவரக் கூடாது என்பது ஒப்புதல் படிவத்தின் முதல் வரியிலேயே இருந்தது. 62 படிவங்களிலும் பெற்றோரின் கையொப்பம் இருக்கிறது. பிள்ளை நலமாக இருக்கிறதா, சாப்பிட்டதா என்று அறியத் துடிக்கும் மனத்தை நான் நன்கு அறிவேன். முதன்முறையாகப் பிள்ளையைத் தொலைவுக்கு அனுப்பும் தாய்க்கு அந்தப் பதற்றம் இருக்கத்தான் செய்யும். எனினும் நாம் அன்போடு கொடுத்தனுப்பும் ஒரு கருவி, பிள்ளையின் கண்ணைக் கடலிலிருந்து திருப்பிவிடுகிறது என்பதை உங்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் கடற்கரையில் பேரலை எழுவதற்கு இங்கே காற்றோ மழையோ வேண்டியதில்லை. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் புயலின் அலைகள் சில நாள்கள் கடந்து, வானம் தெளிந்திருக்கும்போதே நம் கரையை எட்டிவிடுகின்றன. மீனவர்கள் இதைக் கள்ளக்கடல் என்று அழைப்பதன் பொருள் அதுவே. 2024 மே மாதத்தில், அத்தகைய எச்சரிக்கை நடப்பிலிருந்த வேளையில், கணபதிபுரத்தை அடுத்த லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவர் உயிரிழந்ததை நாம் மறந்துவிட முடியாது. படித்தவர்களையும் வளர்ந்தவர்களையும் கொண்டுபோன கடலின் ஓரத்தில், பதின்மூன்று வயதுப் பிள்ளை கைப்பேசித் திரையைப் பார்த்தபடி பின்னோக்கி நடக்கக் கூடாது.

எங்கள் பக்கத்துக் குறையையும் ஒப்புக்கொள்கிறேன். பாறைப் பகுதிக்கு நான்கு ஆசிரியர்கள் போதாது. புறப்படும் முன் பைகளைப் பார்த்திருக்க வேண்டும். இனி கடல், ஆறு, அணை என நீர்நிலைகளுக்குச் செல்லும் எந்தப் பயணத்திலும் பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் வீதம் உடன் வருவர். கடல் எச்சரிக்கையைச் சரிபார்த்த பிறகே பேருந்து புறப்படும். பொறுப்பாசிரியரின் எண் உங்களிடம் தரப்படும். ஒவ்வோர் இடத்தைச் சேர்ந்ததும் வகுப்புக் குழுவுக்கு அவர் செய்தி அனுப்புவார். அவசரமென்றால் அவரை எந்நேரமும் அழைக்கலாம்.

ஆனால் கைப்பேசியோடு வரும் மாணவர் பேருந்தில் ஏற்றப்பட மாட்டார். இவ்விதிக்கு விலக்கு இல்லை. எனவே விலக்குக் கேட்டு யாரும் என்னைச் சந்திக்க வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எடுத்துவைத்துள்ள கைப்பேசிகளைப் பெற்றோர் நேரில் வந்து கையொப்பமிட்டுப் பெற்றுக்கொள்ளலாம். எந்த மாணவரையும் இதற்காகத் தண்டிக்கப் போவதில்லை; கீழே இறங்கிய நால்வரிடமும் நான் தனியே அமர்ந்து பேசிவிட்டேன், வீட்டிலும் அவர்களைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

இந்நிகழ்வால் நாங்கள் குளச்சலை அடைய மிகவும் தாமதமாகிவிட்டது. போரின் நினைவுத் தூணைப் பார்க்கக் கால்மணி நேரமே கிடைத்தது. கரையில் நின்று அந்தப் போரைப் பற்றிப் பேச இயலாமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. அடுத்த பருவத்தில் குளச்சலுக்கு மட்டும் அரைநாள் பயணம் ஒன்றை ஏற்பாடு செய்ய எண்ணியிருக்கிறோம். இத்துடன் உள்ள படிவத்தைப் படித்து, பிள்ளையையும் படிக்கச் செய்து, இருவரும் கையொப்பமிட்டு வரும் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள்.

அதிகாலை ரப்பர் பால்வெட்டை விட்டுவிட்டு ஐந்தரை மணிக்கே பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்த பெற்றோருக்கும், இரவு பேருந்து வரும்வரை பள்ளி வாசலில் முகம் சுளிக்காமல் காத்திருந்தவர்களுக்கும், தம் பிள்ளைக்கு மட்டுமன்றிப் பக்கத்துப் பிள்ளைக்கும் சேர்த்துப் பொதிச்சோறு கட்டிக் கொடுத்த தாய்மார்களுக்கும் என் உளமார்ந்த நன்றி. முட்டத்து இளைஞருக்கும் அப்பெரியவருக்கும் எட்டாம் வகுப்பு மாணவர்கள் தங்கள் கையால் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அவற்றை நானே நேரில் கொண்டுபோய்க் கொடுக்க இருக்கிறேன். உடன்வர விரும்பும் பெற்றோர் அலுவலகத்தில் பெயர் தந்தால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
தலைமையாசிரியர்